ஒற்றை ஆள் மறியல்

1998ஆம் ஆண்டு மார்ச் 5, வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, மினசோட்டா மாநிலத்தின் வடக்கே கென்வில் ஊரில், மூன்றாம் தெருவிலுள்ள தன் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த இக்னேஷியஸ் கோச்சவார் விழுந்து இறந்தார். வயது எழுபத்தொன்று.

பக்கத்து வீட்டு நடைபாதையை வாரி முடித்துவிட்டுத்தான் தன் வாசலுக்கு வந்திருந்தார். மனைவி ஐலி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மண்டியிட்டிருந்தார். பூட்ஸ் கயிறு கட்டுகிறார் என்று நினைத்து ஐலி அவருடைய கோப்பையில் காப்பியை ஊற்றிவைத்தார்.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு மரண அறிவிப்பைத் தொலைபேசியில் சொன்னவர் மகள் நொரீன். எழுதிக்கொண்டவன் நான். தொழில் என்ற இடத்தில் எதைப் போடுவது என்று நொரீனுக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் இரும்புச் சுரங்கம், அதில் ஒன்பது வருடம் சங்கத் தலைவர், பிறகு பதின்மூன்று வருடம் தொழிலாளர் ஆலோசகர். பின்னாலிருந்து ஐலி சொன்னது எனக்கே கேட்டது.

"ஆலோசகர்னு போடு. அதுக்குன்னு கார்டு அடிச்சான்ல, ஐந்நூறு. பாதிக்கு மேல இன்னும் கீழ கிடக்கு."

கார்டு கொடுத்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய ஆள் அவர் இல்லை. ஊருக்கே அவர் இகி. பெற்றோர் ஸ்லோவேனியாவிலிருந்து வந்தவர்கள். கட்டியது ஃபின்லாந்துக்காரர் வீட்டுப் பெண்ணை. 1953இல் அதைப் பற்றி இரண்டு பக்கத்துச் சர்ச்சுகளிலும் பேச்சு இருந்தது. மாமனார் கட்டிக்கொடுத்த சவுனா என்னும் நீராவிக் குளியலறை, வீட்டின் நிலவறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதிதான் ஆலோசனை அலுவலகம்: ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, மான் இறைச்சி வைக்கும் பெரிய உறைபெட்டி. வாடிக்கையாளர்கள் அந்தப் பெட்டிமேல்தான் உட்கார்ந்தார்கள். பனி அள்ளும் வண்டி ஓட்டுநர்கள், முதியோர் இல்லப் பணிப்பெண்கள், நூலகத்தில் வேலை செய்த மூன்று பேர். பணம் கொடுக்க முடிந்தவர்கள் குறைவு. மீன் வந்தது, விறகு வந்தது.

பள்ளிக்கூடச் சமையல்காரப் பெண்கள் ஒன்பது பேர் 1990இல் சங்கம் வைக்கலாமா என்று கேட்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் டோலரஸ். எதிர்த்துப் பேசத் தெரியாது என்றார்கள். இகி மேசைக்குப் பின்னால் போய்க் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளி நிர்வாகியாக உட்கார்ந்தார். கட்டியிருக்கும்வரை அவர் நிர்வாகி, கழற்றினால் இகி. பட்டி கட்டிய இகி மகா மோசமான ஆள். 'உங்களுக்கு என்னம்மா வேலை, பாக்கெட்டை வெட்டிக் கொதிக்கவைக்கிற வேலைதானே' என்று கேட்டு, டோலரஸ் கையிலிருந்த துடைப்புத் துணியை முகத்தில் எறிகிற அளவுக்குக் கொண்டுபோனார். உடனே பட்டியைக் கழற்றினார்.

"எறிஞ்சது சரி. ஆனா எறிஞ்சதும் பேசின பாரு, அதான் தப்பு. கேட்க வேண்டியதைக் கேளு. கேட்டுட்டு வாயை மூடு. சீலிங்கை எண்ணு. எவன் முதல்ல வாயத் திறக்கிறானோ அவன்தான் இறங்கி வருவான்."

"எவ்வளவு நேரம்யா எண்றது?"

"சங்கத்துக்காக நானும் ரெய்னோவும் ஒரு தடவை நாப்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி வக்கீலுக்கு விக்கல் வந்துடுச்சு."

சமையல்காரர்கள் மூன்றாம் மாதம் ஒப்பந்தம் வாங்கினார்கள்.

தேர்தல் வருடங்களில் வேறு இகியைப் பார்க்கலாம். நவம்பரில் ஓட்டு, அதற்குள் மண் உறைந்து கல்லாகிவிடும். அக்டோபர் முதல் வாரமே துளைக்கும் கருவியோடு தெருத்தெருவாகப் போய், எந்தெந்த வாசலில் தன் கட்சியின் அட்டை நட வேண்டுமோ அங்கெல்லாம் குழி போட்டு, மரக்குச்சி சொருகி வைத்துவிடுவார். அட்டை அச்சாகி வந்ததும் குச்சியை எடுத்துவிட்டு அதை நட வேண்டியதுதான். எந்த வீட்டில் புருஷன் ஒரு கட்சி, பெண்சாதி ஒரு கட்சி என்பது அவருக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் அட்டை காற்றில் சாய்ந்து கிடந்தபோது தன் சுத்தியலை எடுத்துப் போய் நிமிர்த்தி அடித்துவிட்டு வந்தார். கோணலாக நின்றால் தெருவுக்கே அசிங்கம் என்றார். ஓட்டுப் பதிவு நாளில் அவருடைய ஃபோர்டு வண்டி காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை ஓடும். கண் தெரியாத கிழவிகள் பின்னிருக்கையில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வருவார்கள்.

அதெல்லாம் நல்ல வருடங்கள். 1986 இருக்கிறது.

அதற்கு முந்திய வருடம் சுரங்கம் மூடப்பட்டது. பதினான்கு மாதம் மூடிக் கிடந்தது. தெருவுக்கு நான்கு வீடு பூட்டிக் கிடந்தன. அப்போதுதான் ஆலோசகரான இகியை, மீண்டும் திறப்பதற்கான பேச்சுவார்த்தைக்குக் கம்பெனி கூப்பிட்டது. அவர் போனார். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சங்கத்துக்காக உட்கார்ந்தவர், இகி தலைவராக இருந்த காலமெல்லாம் துணைத்தலைவராக இருந்த ரெய்னோ கங்காஸ். பதினேழு நாள். முடிவில் முந்நூற்றுப் பத்துப் பேருக்கு வேலை திரும்பியது. அறுபத்திரண்டு பேருக்கு இல்லை. ஒப்பந்தத்தை எழுதியவர் இகி. அறுபத்திரண்டு பேரில் ரெய்னோவின் மகன் டேல் இருந்தான். ஐலியின் தங்கை மகனும் இருந்தான்.

அந்தக் கையெழுத்து விழாவிட்டால் முந்நூற்றுப் பத்தும் போயிருக்கும் என்பார்கள் பாதிப் பேர். அந்தப் பக்கம் நம் ஆள் உட்காராமல் இருந்திருந்தால் சங்கம் இன்னும் இழுத்திருக்கும் என்பார்கள் மீதிப் பேர். பன்னிரண்டு வருடமாக இந்த வாக்குவாதம் ஊரில் முடியவில்லை. டேல் நெவாடாவின் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். ரெய்னோ இகியோடு பேசுவதை நிறுத்தினார். இகி சங்கத்தின் ஹாலுக்குள் காலெடுத்து வைப்பதை நிறுத்தினார். அந்தத் தெருவில் போனால் எதிர்ப் பக்க நடைபாதையில் போவார்.

இருவரும் ஒரே கட்சி, அதில் ஒரே வட்டம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் நடக்கும் வட்டக் கூட்டத்தில் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். இகி சாவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையும் கூட்டம் நடந்தது. ஓய்வூதியக்காரர்களின் மருத்துவச் செலவு பற்றி ரெய்னோ ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் இகி தூக்கினார். ரெய்னோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

தன் அடக்கத்துக்குப் பிந்திய சாப்பாட்டை ஹாலில் வைக்க வேண்டும் என்று இகி ஐலியிடம் பலமுறை சொல்லியிருந்தார். எழுதி எதுவும் வைக்கவில்லை. ஐலி சனிக்கிழமை காலை இப்போதைய சங்கத் தலைவர் எல்டன் ஹர்யுவின் வீட்டுக்கே போய்க் கேட்டார். எல்டனுக்கு நாற்பத்தைந்து வயது; அந்த முந்நூற்றுப் பத்தில் ஒருவர். செயற்குழு அன்று மாலையே கூடியது. நாலுக்கு மூன்று என்ற கணக்கில் ஹாலைக் கொடுத்தார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் தாங்கள்தான் என்று பள்ளிக்கூடச் சமையல்காரர்கள் ஒன்பது பேரும் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பூசைக்குச் சர்ச் நிரம்பியது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. வெயில் கண்ணைக் கூசவைத்தது. கல்லறைக்குப் போக வேண்டியதில்லை. இங்கே குளிர்காலத்தில் நிலத்தைத் தோண்ட முடியாது. மண் இளகும்வரை பெட்டியைக் கல்லறை வளாகத்தில் கல்லால் கட்டிய ஒரு கிடங்கில் வைத்திருப்பார்கள். கூட்டம் சர்ச்சிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஹாலுக்கு நடந்தே வந்தது. முன்னால் ஐலி, நொரீன். பின்னால் இருநூற்றுச் சொச்சம் பேர்.

ஹாலின் வாசலில் ரெய்னோ கங்காஸ் மறியல் செய்துகொண்டிருந்தார்.

தனி ஆள். பழைய தேர்தல் அட்டையின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் 62 என்று எழுதி, குச்சியில் அடித்துத் தோளில் சாய்த்திருந்தார். வேறு ஒரு சொல் கிடையாது. மறியலில் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்பது முறை. கதவுக்கு முன்னால் இந்தப் பக்கம் ஆறு அடி, அந்தப் பக்கம் ஆறு அடி நடந்துகொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது, இடது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டார்.

கூட்டம் நின்றது. யாரும் சொல்லி நிற்கவில்லை.

ஹாலுக்குள் ஜன்னலில் டோலரஸின் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சமையல்காரர்கள் ஒன்பது பேரும் ஏப்ரன் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து கூட்டத்தோடு நின்றார்கள். உள்ளே ஐந்து பெரிய பன்றித்தொடை ஹாம், நூடுல்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்ட தட்டுகள், இகி வீட்டு முறைப்படி வால்நட் வைத்துச் சுருட்டிய பொட்டீட்சா ரொட்டி நாற்பது. எல்லாம் ஆளில்லாமல் கிடந்தன.

எல்டன் முன்னால் வந்து, இது சங்கம் அறிவித்த மறியல் இல்லை, செயற்குழு ஹாலைக் கொடுத்திருக்கிறது, எல்லோரும் தாராளமாக உள்ளே போகலாம் என்றார்.

"அப்ப நீ முதல்ல போ எல்டன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்டன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

மற்ற ஊர்க்காரருக்கு இது விளங்காது. 1979இல் முதியோர் இல்லப் பணிப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாள் ஆக ஆக ஆள் குறைந்து, கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரே ஒரு பெண்தான் மறியலில் நடந்துகொண்டிருந்தாள். உள்ளே இகியின் அம்மா இழுத்துக்கொண்டிருந்தார். இகி அந்தப் பெண்ணைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஆறு நாள், காலையும் மாலையும், பின்பக்கத்துப் பனியில் ஜன்னலுக்குக் கீழே நின்று அம்மாவோடு ஸ்லோவேனிய மொழியில் கத்திப் பேசினார். வீட்டுக்குப் போடா, சளி பிடிக்கும் என்று அந்தம்மா கத்தினார். ஏழாம் நாள் ஜன்னல் திறக்கவில்லை. இதைப் பார்த்த ஊர் இது. ஒரு ஆள் என்றாலும் தாண்ட மாட்டார்கள்.

நொரீன் அம்மாவின் கையைப் பிடித்தார். இருபது வருடமாக மினியாபொலிஸில் இருப்பவர்.

"அம்மா, பாதிரியார்கிட்ட சர்ச்சு நிலவறையைக் கேட்டுடலாம். கடையிலேர்ந்து சாண்ட்விச் வாங்கிக்கலாம். இந்தக் குளிர்ல எல்லாரும் செத்துடுவாங்க."

"குளிர்ல நின்னு இங்க யாரும் செத்ததில்ல. பனி வாரித்தான் செத்திருக்காங்க."

"போலீசைக் கூப்பிட்டா என்ன?"

ஐலி மகளை ஒரு பார்வை பார்த்தார். நொரீன் அம்மாவின் கையை விட்டார்.

ஐலி தனியாக முன்னால் போனார். ரெய்னோ நடப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. அதனால் ஐலியும் அவர் பக்கத்தில் சேர்ந்து நடந்தார். ஆறு அடி, திரும்பி ஆறு அடி. புருஷனின் அடக்கச் சாப்பாட்டை எதிர்த்து நடக்கும் மறியலில் பெண்டாட்டி நடந்துகொண்டிருந்தார்.

"இப்ப ரெண்டு பேர் ஆச்சு" என்றார் டோலரஸ் மெதுவாக.

நான் முன்வரிசையில் இருந்தேன். பேசியது பெரும்பாலும் கேட்டது.

"வருத்தமா இருக்கு ஐலி" என்றார் ரெய்னோ.

"தெரியும்."

"இந்த பூட்ஸ போட்டுட்டு இங்க நடக்காத. வழுக்கும்."

"சர்ச்சுக்குப் போட்ட பூட்ஸ். மறியலுக்குப் போறேன்னு யாரு சொன்னா எங்கிட்ட?" இன்னொரு முறை திரும்பினார்கள். "சரி, உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு மறியல் பண்றவனை இன்னிக்குத்தான் பாக்கறேன். ஒன்பது வருஷம் துணைத்தலைவரா இருந்த ஆளுய்யா நீ. கோரிக்கைய சொல்லு."

ரெய்னோ சுவரைத் தொட்டுத் திரும்பினார்.

"இந்த ஹால்ல ரிட்டயர் ஆனவன் பேரைப் படிக்கறாங்க. செத்தவன் பேரைப் படிக்கறாங்க. சாஃப்ட்பால்ல ஜெயிச்சவன் பேரக்கூடப் படிக்கறாங்க. அந்த அறுபத்திரண்டு பேரை ஒரு நாள் யாராவது படிச்சாங்களா? இன்னிக்குப் படிக்கணும். சாப்பாட்டுக்கு முன்னாடி."

"எல்டனைப் படிக்கச் சொல்றேன்."

"எல்டன் இல்ல. உங்க வீட்டு ஆளு படிக்கணும்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஐலியும் மூடிக்கொண்டார். அந்த வித்தை இருவருக்கும் தெரியும். அவர்கள் நடந்த பனி அழுந்திக் கண்ணாடியாகிவிட்டது. கூட்டத்தில் யாரோ காலை மாற்றி மாற்றித் தட்டினார்கள். ஒரு குழந்தை மூத்திரம் வருகிறது என்றது. அதன் அம்மா அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். முதலில் பேசியவர் ஐலி.

"நான் படிக்கிறேன். ஆனா நீ உள்ள வந்து கேட்கணும்."

"கதவைத் திறந்து வை. இங்கேர்ந்து கேட்டுக்கறேன்."

"திறந்து வச்சா சூடெல்லாம் போயிடும். உள்ள வா."

"வர்றேன். சாப்பிட மாட்டேன்."

"உன்னை யாரு சாப்பிடச் சொன்னா? காப்பி?"

ரெய்னோ யோசித்தார். "காப்பி குடிப்பேன்."

"இகி பண்ணது சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன். பேரு மட்டும்தான்."

"பேரு மட்டும்தான் கேட்டேன்."

ஐலி திரும்பி வந்து எல்டனிடமும் நொரீனிடமும் விஷயத்தைச் சொன்னார். எல்டன் சரியென்று தலையாட்டினார். நொரீனின் முகம் சிவந்துவிட்டது.

"அப்பா சாப்பாட்டிலேயே அப்பா மானத்தை வாங்கணுமா? நீயே உன் வாயால படிக்கணுமா?"

"உங்கப்பா எழுதின ஒப்பந்தம். கடைசிப் பக்கத்துல அந்தப் பேரெல்லாம் அவன் டைப் அடிச்சதுதான். நம்ம சமையல் மேசையில வச்சு அடிச்சான். அப்பவே நான் ஒரு தடவ படிச்சுட்டேன்டி."

"படிச்சுட்டு?"

"படிச்சுட்டு அவனுக்கு முட்டை பொரிச்சுப் போட்டேன். என்ன பண்ணச் சொல்ற?"

ரெய்னோ அட்டையைக் குச்சியோடு கொண்டுபோய்த் தன் டிரக்கின் பின்னால் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. முதலில் உள்ளே போனவர்கள் சமையல்காரர்கள். டோலரஸ் ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தார்.

ஹாலுக்குள் எல்லோரும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்கள். ரெய்னோ கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து ஐலியிடம் கொடுத்தார். ஐலி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒலிபெருக்கி வேண்டாம் என்றார். அகர வரிசையில் இருந்தது. ஃபின்லாந்துப் பெயர், இத்தாலியப் பெயர், குரோவேஷியப் பெயர், ஸ்லோவேனியப் பெயர். நிதானமாக, ஓட்டர் பட்டியல் படிப்பவர் போலப் படித்தார்.

ஒன்பதாவது பெயரைப் படித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "இருக்கேன்" என்றது. வேலை போனபின் ஊரைவிட்டுப் போகாமல் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார், சங்கக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டால் அப்படித்தான் சொல்வார்கள். ஐலி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே படித்தார். ஆனால் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, பதில் வருவதற்கான இடம் விட்டார். பதில் வரவில்லை. டேல் கங்காஸ் என்று படித்துவிட்டு, அதற்கும் இடம் விட்டார். ரெய்னோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். நாற்பத்தாறாவதற்கு இன்னொருவர், "இருக்கேன்" என்றார். அடுத்து லெனர்ட் சாரி என்று படித்தார். அது ஐலியின் தங்கை மகன். அவன் அம்மா முன்வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐலி மற்ற பெயர்களுக்கு விட்ட அதே இடத்தை விட்டு, அடுத்த பெயருக்குப் போனார். அறுபத்திரண்டு பெயருக்கு மொத்தம் மூன்று பேர் பதில் சொன்னார்கள்.

முடித்ததும் தாளை மடித்து ரெய்னோவிடம் திருப்பிக் கொடுத்தார். யாரும் கை தட்டவில்லை. பாதிரியார் செபம் சொன்னார்.

ஹாம் காய்ந்திருந்தது. நூடுல்ஸ் தட்டுகளின் ஓரம் கருகியிருந்தது. அதைப் பற்றி டோலரஸிடம் ஒருவர் கேட்டுவிட்டார். இகி இருந்திருந்தால் கருகியதைத்தான் முதலில் கேட்டு வாங்கியிருப்பான், வாயை மூடிக்கொண்டு தின்னு என்று பதில் வந்தது. பொட்டீட்சா முப்பத்தெட்டு தீர்ந்தது. மேசைகளில் பேச்சு மெல்ல உயர்ந்தது. 1974 வேலைநிறுத்தத்தில் இகி கூட்டிவந்த அக்கார்டியன்காரனைப் பற்றி யாரோ சொல்ல, சிரித்தார்கள். ஓட்டுப் பதிவு நாளில் அவர் காரில் போர்வைக்காகச் சண்டை போட்ட கிழவிகளில் ஒருவர், தொண்ணூற்றிரண்டு வயது, இனிமேல் யார் தன்னைக் கூட்டிப்போவது என்று மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு போனார். எல்டன் தான் வருவதாகச் சொன்னார். உன் வண்டி உயரம், ஏற முடியாது என்றார் கிழவி.

ரெய்னோ உட்காரவில்லை. ஐலி கொண்டுவந்து கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார். இரண்டாவது கோப்பையையும் குடித்தார். என்ன பேசினார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. ரெய்னோவும் ஃபின்லாந்துக்காரர் வீட்டுப் பிள்ளைதான்; அவர்களுக்குள் ஃபின்னிஷ் மொழியில் பேசிக்கொண்டார்கள். இரண்டரை மணிக்கு அவருடைய டிரக் கிளம்பிப் போனது. நான்கு மணிக்குச் சமையல்காரர்கள் பாத்திரங்களைக் கழுவி வைத்தார்கள். எல்டன் ஹாலைப் பூட்டினார்.

மே மாதம் 16ஆம் தேதி, சனிக்கிழமை, மண் இளகியபின் இக்னேஷியஸ் கோச்சவாரை அடக்கம் செய்தார்கள். பதினொரு பேர் வந்திருந்தார்கள். ரெய்னோ கங்காஸ் அந்த வாரம் நெவாடாவில் மகன் வீட்டில் இருந்தார்.